ஆயா சொன்ன சாட்சி

"ராக்காயி மக சிரட்டையிலேயே குடிக்கட்டும். ஒனக்கு என்னா வந்திச்சு?"

கதவை மறித்து நின்றார் எஸ்தரின் கணவர் தேவசகாயம். வாரமெல்லாம் தேயிலைத் தூள் ஆக்கும் ஸ்டோரில் வேலை. ஞாயிறானால் தோட்டத்து ஜெபக்கூடத்தில் பிரசங்கம். எஸ்தர் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். அவள் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளை அந்திவரை பார்த்துக்கொள்பவள். நேற்று ராக்காயியின் மகள் மூன்று வயது மீனம்மாவுக்கும் கோப்பையில் பால் கொடுத்துவிட்டாள். பெரிய கங்காணியின் பேரன் குடிக்கும் கோப்பை அது. பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் லயமெல்லாம் அதே பேச்சு.

"எல்லாரும் ஒரே அப்பம்னு நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க?"

"கோயில் வேற, வேல வேற." அவர் குரல் தாழ்ந்தது. "வேதத்துல சேந்து, பேர மாத்தி, தோட்டம் மாறி வந்திருக்கோம். நம்ம சாதி என்னான்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சா, கங்காணி தொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேலையும் இல்ல, வீடும் இல்ல."

பதினோரு வருஷமாக அவள் வாயை அடைத்த பேச்சு அது. அன்றும் அதைக் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடும் வழியில் பிள்ளையை விட வந்தாள் ராக்காயி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஆயாம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சிரட்டையிலேயே ஊத்துங்க. எம் புருசன் பேர வேலையிலருந்து வெட்டிருவேன்னு கங்காணி சொல்லிட்டாரு."

பத்து மணிக்குப் பால் ஊற்றும்போது, கங்காணியின் மருமகள் நாகலெட்சுமி வேவு பார்க்க வாசலில் வந்து நின்றாள். எஸ்தர் சிரட்டையில் ஊற்றினாள். யாரும் சொல்லாமலே மீனம்மா அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், தூறலில் குந்திக் குடித்தாள்.

நாகலெட்சுமிக்குத் திருப்தி. "அப்பிடி வாங்க ஆயா. வேதக்காரங்களா இருந்தாலும் நீங்க எங்கள மாதிரி நல்ல குடும்பம்னு மாமா சொல்லுவாரு."

அந்தப் புகழ்ச்சியைத்தான் எஸ்தரால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்கம்மா. நாங்களும் மீனம்மா சாதிதாங்க. எங்க அப்பாவும் சிரட்டையில குடிச்சவருதான். இத்தன நாளா மறைச்சதுதான் தப்பு."

நாகலெட்சுமியின் முகம் வெளிறியது. இரண்டு வருஷமாக அந்தக் கை ஊட்டி வளர்ந்த மகனை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு ஓடினாள். ஐஸாய்க் கொட்டும் தண்ணீரை அள்ளி அள்ளி அவன் வாயைக் கழுவினாள்.

எஸ்தர் வெளியே போய் மீனம்மாவின் அருகில் உட்கார்ந்து, ஈரத்தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள். நாளை இந்த வேலை தனக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பதும் தெரியும்.

பீலிக்கரையிலிருந்து, "ஆயாகிட்ட போவணும்" என்று பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.