தம்பியைப் போகச் சொன்னவர்

குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி அவர் பொறுப்பு. மனைவி மாசமாயிருந்தபோது போருக்குப் போனார். சில மாதங்களிலேயே விமானம் தீப்பிடித்தது. பாராசூட்டில் எதிரி நாட்டு உருளைக்கிழங்கு வயலில் இறங்கியவரை, மண்வெட்டியோடு ஓடிவந்தவர்கள் அடித்துத் துவைத்துப் பட்டாளத்திடம் ஒப்படைத்தார்கள்.

முள்வேலிக்குள் நாலு வருஷம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற சேதி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. அந்த முகத்தைத் தினம் ஒரு விதமாகக் கற்பனை செய்துகொண்டே, தண்ணீராய் ஓடும் கஞ்சியைக் குடித்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

சண்டை ஓய்ந்து எலும்பும் தோலுமாக வீடு வந்தார். மனைவி அழுதாள். குழந்தையோ ஓடிப்போய் அவருடைய தம்பியின் காலைக் கட்டிக்கொண்டது. "அப்பா, யாரு இவரு?"

தம்பி அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். அத்தனை வருஷமும் வீட்டைத் தாங்கியவன் அவன்தான். பேச்சு வந்ததிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறாள், எவ்வளவு திருத்தியும் கேட்கவில்லை என்று கூனிக் குறுகிச் சொன்னான். அவரும் சிரித்துச் சமாளித்தார்.

ஆனால் மனசு ஆறவில்லை. ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கடியில் பதுக்கும் முகாம் பழக்கம் அவரை விடவில்லை. அதைப் பார்த்துக் குழந்தை மிரண்டது. அவர் தூக்கினால் விறைத்துக்கொண்டது. தம்பியின் சைக்கிள் சத்தம் கேட்டாலோ வாசலுக்குப் பறந்தது. ஒருநாள் காலை தம்பி சவரம் செய்துகொண்டிருந்தபோது சொல்லியேவிட்டார்.

"நீ இங்க இருக்கற வரைக்கும் அவ எங்கிட்ட வரமாட்டாடா."

தம்பி முகத்துச் சோப்பைத் துடைத்தான். "சரிண்ணே."

அந்த வாரமே துறைமுக ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். தம்பியை அனுப்பி என்ன சாதித்தீர்கள் என்று மனைவி கேட்டாள். குழந்தை பல நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தது. பிறகு மறந்தது. அவரையே அப்பா என்று கூப்பிட்டது. ஆசைப்பட்டது கிடைத்தும், அவள் கூப்பிடும்போதெல்லாம் அவருக்குத் தம்பியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பி வரச்சொல்லி எத்தனையோ முறை ஆளனுப்பினார். வேலை அதிகம் என்றே பதில் வந்தது. மகளுக்குப் பத்து வயதானபோது அவளையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனார். தம்பி தனிக்கட்டையாக ஒற்றை அறையில் இருந்தான். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தார்.

"வீட்டுக்கு வந்துடுடா" என்று மட்டும் சொன்னார்.

"இங்கயே பழகிடுச்சுண்ணே."

மகள் மரியாதையாக ஓரமாய் உட்கார்ந்து அவன் கொடுத்த டீயைக் குடித்தாள். திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "சித்தப்பா ஏம்ப்பா என்னையே பாத்துட்டு இருந்தாரு?"

"உன்னப் பாத்து ரொம்ப நாளாச்சுல்ல" என்றார்.