இரண்டு குட வில்

மீன் அடிக்கும் வில்லின் இழுவையை அளக்கச் சம்பத்திடம் இருந்த ஒரே தராசு தண்ணீர்க் குடம்தான். சேலையூர் கேம்ப் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்த அவன், ஃபைபர் கம்பியில் இரண்டு வில் செய்து அக்கா கிளியம்மாள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். வில்லைக் கொக்கியில் மாட்டி, நாணில் நிறைகுடத்தைத் தொங்கவிட்டான். முதல் வில்லின் நாண் அம்பின் நீளத்துக்கு இறங்க ஒரு குடம் போதும். மற்றது இரண்டு குடம் கேட்டது.

"லாரித் தண்ணிடா. ஒரு சொட்டு கீய வுட்ட, தோல உரிச்சிருவேன்" என்றாள் கிளியம்மாள்.

அவள் புருஷன் துளசிங்கத்தின் கண் இரண்டு குட வில்லிலேயே இருந்தது. போன வருஷம் பஸ்ஸிலிருந்து விழுந்து வலது தோள் பிசகியதிலிருந்து ஏரிக்கு அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை. தோள் சரியாகிவிட்டது என்று காட்டவே, தண்ணீர் லாரி வந்தால் இரண்டு குடத்தையும் தானே தூக்குவார். அப்புறம் மூலையில் உட்கார்ந்து தைலம் தேய்ப்பார். மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை ரத்தினம் முதல் விருந்துக்கு வரும் நாளில் தன் கையால் அடித்த விரால்தான் குழம்பு என்று வேறு சொல்லிவைத்திருந்தார்.

"ஒரு கொடமே போதும் மச்சான். விரால் மூச்சு வுட மேல வர்ற வரிக்கும் நாண இஸ்து புடிச்சினு நிக்கணும்ல?"

"இன்னாடா, எனக்கே சொல்றியா?"

விருந்தன்று காலை துளசிங்கமும் சம்பத்தும் மாப்பிள்ளையும் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். தண்ணீருக்கடியில் கறுப்பாக ஒன்று அசைந்தது. துளசிங்கம் இரண்டு குட வில்லின் நாணை இழுத்தார். மேலே வர விரால் அவசரப்படவில்லை. அவர் கை வெடவெடவென்று ஆடியது. அம்பு நழுவிச் சேற்றில் குத்தி நின்றது.

"வெயிலு கண்ண கூசுது" என்றார்.

"ஆமா மாமா, வெயிலு ஜாஸ்தி" என்றான் ரத்தினம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது. நேற்று வந்த பையன் தனக்காகப் பொய் சொல்கிறானே என்று கூசிப்போனார். "வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "சம்பத்து, அந்த ஒரு கொடத்த குடு."

இந்த முறை இழுத்த கை அசையவில்லை. விரால் நிதானமாக மேலே வந்து வாயைத் திறந்தது. அம்பை விட்டார்.

குழம்பு ஊற்றும்போது கிளியம்மாள் கேட்டாள். "ரெண்டு கொட வில்லுல அட்ச்சதா?"

மாப்பிள்ளை இலையைப் பார்த்தான்.

"இல்ல, ஒரு கொடம்தான். தோளு தாங்கல" என்றார் துளசிங்கம்.

அவள் இன்னொரு துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தாள். மறுநாள் லாரி வந்தபோது இடது கையில் ஒரு குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். இன்னொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கூடவே நடந்தாள்.