ருக்கு பேசக் கூடாத சொற்கள்

...பேசினால்தானே உருளைக்கிழங்கைப் பட்டாட்டா என்பாள், வெங்காயத்தைக் காந்தா என்பாள், போதும் என்பதற்கு 'பஸ், பஸ்' என்று கையை ஆட்டுவாள், அதனால்தான் காலையிலேயே மகள் ருக்குவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் சந்திரமௌலி, பெண் பார்க்க வரவா போறவரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது, சிரிச்சா போறும்... சொன்னது தப்பா? போன மாதம் வந்தவர்கள் 'பம்பாய்ப் பேச்சு நமக்குச் சரிப்படாது' என்றுதானே தட்டிக்கழித்தார்கள், இந்த இடமும் கைநழுவினால் மனைவி அம்மிணி படுத்த படுக்கையாகிவிடுவாள், அவளைத் தேற்றத் தன்னால் ஆகாது. ஆனால் பம்பாய் மாதுங்காவில் பிறந்து மராத்திக் குழந்தைகளோடு மாடிப்படியில் விளையாடி வளர்ந்த பெண் வேறு எப்படிப் பேசுவாள்? இதோ, பாலக்காட்டிலிருந்து வந்திருக்கும் பையனின் அம்மா, "அந்த ஜன்னலைத் திறங்கோளேன், புழுங்கறது" என்கிறாள், எழுந்து திறக்கிறார், ஜன்னல்... அதுவே போர்ச்சுகீசியன் விட்டுப்போன சொல் என்று ஆபீசில் பிரைஸ் துரை சொன்னாரே. துரை வேல்ஸ்காரர், அவரை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் வெல்ஷ் பாஷையிலும் ஜன்னல், பாலம், மீன், புத்தகம் எல்லாம் லத்தீன்தான் மிஸ்டர் மௌலி, ரோமாபுரிக்காரன் போய் ஆயிரத்தைந்நூறு வருஷமாச்சு, சொல் போகவில்லை, இப்போது நாங்களும் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டுகிறோம், எந்தச் சொல்லை விட்டுப்போவோமோ என்பார்... அவருடைய அம்மா பாவம், பள்ளிக்கூடத்தில் சொந்த பாஷை பேசியதற்கு அடிவாங்கினவளாம், அப்புறம் வெளியாள் முன்னால் கடைசிவரை வாயே திறக்கவில்லையாம். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? ருக்குவை யாரும் அடிக்கவில்லையே.

பையனின் அம்மா சொஜ்ஜித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "என்ன, குட்டி வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலையே, நாக்கு இருக்கோன்னோ?" என்று சிரிக்கிறாள், பையன் தரையைப் பார்க்கிறான், அம்மிணி கண்ணாலேயே கெஞ்சுகிறாள். இவளா ஊமை? சாயங்காலம் செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டாளே, பாதி ஹிந்தி, பாதி தமிழ், மேல்மாடி மராத்தி மாமியைப் போலவே பேசிக்காட்டி... அதைக் கேட்கத்தானே கூட்டத்தில் முண்டியடித்து ரயிலைப் பிடிக்கிறார், ஒரு நாளாவது அவளிடம் அதைச் சொன்னதுண்டா? "பேசும்மா ருக்கு" என்கிறார்.

ருக்கு நிமிர்ந்து அவரையே பார்க்கிறாள், கண்ணில் கோபமில்லை, அழுகையும் இல்லை.

"எப்படிப் பேசணும்ப்பா?"

எப்போதும் போலப் பேசு, அவ்வளவுதான், அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும், எல்லோரும் காத்திருக்கிறார்கள்... ஏன் வாயில் வரவில்லை?