சிவப்புக் கட்டம்

ரஸ்ஸல் கிம்பிளும் லியோனா பிரூவிட்டும் இருபது வருஷத்து நண்பர்கள். ரஸ்ஸல் நகரசபை உறுப்பினராக இருந்த நாளிலிருந்து கவர்னரானது வரை, எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் லியோனாதான். இப்போது அவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார். ஆகவே இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது, அது தெளிவாகத்தான் இருக்கிறது. வேட்பாளர் ஒரே ஆளிடம் சில ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கினால் அது ஊழல். அவருக்காக விளம்பரம் போடும் ‘சூப்பர் பேக்’ என்ற நிதிக்குழு அதே ஆளிடம் கோடி டாலர் வாங்கினால் அது கருத்துச் சுதந்திரம். குழு தன்னிச்சையாக இயங்க வேண்டும், விளம்பரம் பற்றி வேட்பாளரோடு கலந்து பேசக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அப்படித் தன்னிச்சையாக இயங்குவதற்காக ரஸ்ஸல் தன் வலது கையான லியோனாவையே கழற்றி, அந்தக் குழுவை நடத்த அனுப்பினார். “வெள்ளை மாளிகையில என் ரூமுக்குப் பக்கத்து ரூம் உனக்குத்தான்” என்று கட்டிப்பிடித்து வழியனுப்பியும் வைத்தார்.

லியோனாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு தேர்தலின் நடுவே விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படிக்கக்கூட அன்று நேரமில்லை. இனி அவளுக்கென்று இருப்பது அந்த அறை ஒன்றுதான். அதற்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது என்று யோசித்தபடிதான் தினமும் தூங்கப் போவாள்.

பேசத்தான் கூடாது; ஊருக்கே பொதுவாக அறிவிப்பதை யாரும் தடுக்க முடியாதல்லவா? ரஸ்ஸலின் இணையதளத்தில் அடிமூலையில் சிவப்புக் கோடு போட்ட ஒரு கட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிப்பது லியோனா மட்டும்தான். ‘மக்கள் பார்க்க வேண்டும்’ என்று இருந்தால் டிவி விளம்பரம் போடு என்று அர்த்தம். ‘படிக்க வேண்டும்’ என்றால் தபால். பக்கத்திலேயே ரஸ்ஸல் கன்றுக்குட்டியைத் தடவுவதும், சட்டைக் கையை மடிப்பதும், விவசாயி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதுமாகச் சத்தமில்லாத வீடியோ கிடக்கும். எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பு அயோவா மாநிலத்தில் நெருங்கும்போது, ஃப்ளோரிடாவில் வெண்டல் ஆஸ்ட்ராண்டர் வீட்டில் விருந்து நடந்தது. நடமாடும் கழிவறைகளை வாடகைக்கு விட்டே பெரும் பணக்காரர் ஆனவர் வெண்டல். எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் அவருக்கு லாபம். லக்சம்பர்க் நாட்டுக்குத் தூதராகப் போக வேண்டும் என்பது அவர் மனைவியின் கனவு; அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் இன்னும் விசாரிக்கவில்லை.

நண்டு பரிமாறி முடிந்ததும் ரஸ்ஸல் எழுந்தார். “உங்ககிட்ட நான் கேக்கறது ஐயாயிரம் டாலர்தான். அதுக்கு மேல ஒரு காசு கேக்கல” என்று சட்டம் அனுமதித்த தொகையை மட்டும் உருக்கமாகக் கேட்டுவிட்டு வெளியே போனார். கதவு சாத்தியதும் லியோனா எழுந்து தன் குழுவுக்கு முப்பது லட்சம் டாலர் கேட்டாள். வெண்டல் கொடுத்தார்.

வாசலில் ரஸ்ஸல் காருக்காக நின்றிருந்தார். ஒட்டினாற்போல் அவருடைய வக்கீல்.

“முட்டி வலி எப்படி இருக்கு?” என்றாள் லியோனா.

“பரவால்ல.” அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். “லியோனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்…”

வக்கீல் இருமினார்.

“எங்க வெப்சைட்ட இப்ப புதுசா மாத்தியிருக்கோம்” என்றார் ரஸ்ஸல். “பொதுவாத்தான் சொல்றேன். யார் வேணா பாக்கலாம்.”

மறுநாள் காலையில் கட்டத்தில் இப்படி இருந்தது: ‘அயோவா மக்கள் பார்க்க வேண்டும்: ரஸ்ஸல் கிம்பிள் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல. இருபது வருஷம் உடனிருந்த பழைய கூட்டத்தையும் நாட்டுக்காக உதறத் தயங்காதவர். வெள்ளை மாளிகைக்குள் அவரோடு நுழைவது புது முகங்கள் மட்டுமே.’

பள்ளிக்கூடப் பிள்ளை படித்தாலும் விளங்கியிருக்கும். லியோனா தொழில் தெரிந்தவள், அவளுக்கு விளங்கவில்லை. ‘பார்க்க வேண்டும்’, அப்படியானால் டிவி. ‘அயோவா’, அங்கேதான் செலவு. மீதியெல்லாம் அவளுக்கு வெறும் வசனம். பனி கொட்டிய சோளக்காட்டில் ரஸ்ஸல் தனியே நடக்கும் வீடியோவை எடுத்தாள். ‘பழைய கூட்டம் வாசலோடு சரி. உள்ளே போவது நாட்டு மக்கள் மட்டுமே’ என்று தானே எழுதினாள். எழுதிவிட்டுத் தன் சாமர்த்தியத்தை எண்ணி ஒரு கேக் வாங்கித் தின்றாள். முப்பது லட்சத்தையும் அதிலேயே கொட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் வெண்டல் போன் செய்தார்.

“கண்ணு, விளம்பரம் பிரமாதம்! எம் பொண்டாட்டி அழுதுட்டா.”

“ரொம்ப சந்தோஷம், வெண்டல்.”

“எனக்குத்தான் சந்தேகம் வந்துடுச்சு. பழைய கூட்டம்னா நானுந்தானேன்னு. இன்னிக்கிக் காலைல ரஸ்ஸலோட உக்காந்து முட்ட சாப்பிடறப்ப நேராவே கேட்டுட்டேன்.”

இதுவும் சட்டப்படிதான். வேலை செய்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது. காசு கொடுக்கிறவர் கூடவே உட்கார்ந்து முட்டை தின்னலாம்.

“என்ன சொன்னார்?”

“‘நீங்க இல்ல வெண்டல், அது லியோனா’ன்னான். பழைய ஆளுங்கள வச்சிருந்தா ஜனங்களுக்குப் பிடிக்கலன்னு சர்வேல வந்துதாம். உங்கிட்ட நேர்ல சொல்ல வக்கீல் விடலையாம், அதான் கட்டத்துல போட்டானாம்.” வெண்டல் மூக்கைச் சிந்தினார். “‘அவ ஒரு வார்த்த முனகல, அத அப்படியே விளம்பரமாப் போட்டுட்டா, இப்படி ஒருத்தி யாருக்குக் கெடைப்பா’ன்னு சொல்றப்ப அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. புரிஞ்சுதானே போட்டே?”

லியோனாவுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது.

“புரிஞ்சுதான் போட்டேன்” என்றாள்.

“தங்கம்! கருத்துக்கணிப்புல கிடுகிடுன்னு ஏறிட்டான். இன்னொரு இருபது லட்சம் அனுப்பறேன். அதையே ஓட்டு.”

ரஸ்ஸலைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க நினைத்தாள். கேட்டால் அது கலந்து பேசியதாகிவிடும். பத்திரிகைக்குத் தெரிந்தால் அவர் தோற்றுவிடுவார். இத்தனைக்குப் பிறகும் அவர் தோற்பதை அவளால் சகிக்க முடியவில்லை. அதற்காகவே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

குழுவுக்காக டிவியில் விளம்பர நேரம் வாங்கும் பெண் மேகன் எட்டிப் பார்த்தாள். “பணம் வந்துடுச்சு லியோனா. வேற ஏதாவது புதுசா எடுக்கலாமா?”

“வேணாம். அதையே ஓட்டு” என்றாள் லியோனா. “ஒரே ஒரு திருத்தம். ‘பழைய கூட்டம்’னு இருக்கறத ‘பழைய தோழி’ன்னு மாத்திடு. பொதுவாச் சொன்னா சில பேருக்குப் புரிய மாட்டேங்குது.”