பூஜ்ஜியத்துக்கு ஒரு சீட்டு

எண்ணூர் நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பைப் பார்த்ததும் ஸ்டானிஸ்லாஸ் பைக்கை வளைத்து வளைத்து ஓட்டினான். மூன்று சனிக்கிழமைகளாக நேராகத்தான் ஓட்டிவந்தான், யாருமே நிறுத்தவில்லை.

மனைவி பிலோமி ராயபுரத்து அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம். குடித்துவிட்டு இதே இடத்தில் பிடிபட்டு, ஊதிப் பார்க்கும் மெஷின் 142 என்று அடித்துக் கொடுத்த சீட்டோடு அவன் வீடு வந்த மறுநாள் காலை கிளம்பியவள். அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டு தொடவில்லை. போனில் சொன்னால் அவளிடம் ஒரே பதில்தான்: "உன் வாய நம்ப மாட்டேன். அந்த மெஷின் சொல்லட்டும், வர்றேன்."

ஏட்டு கருணாகரன் கையைக் காட்டி ஓரங்கட்டினார்.

"இன்னாபா, ரோடு பத்தலையா உனுக்கு?" புதுக் குழாயைப் பிரித்து மெஷினில் மாட்டி நீட்டினார். "நிறுத்தாம ஊது."

ஊதினான். பூஜ்ஜியம். ஏட்டு நம்பாமல் வேறு குழாய் மாட்டினார். மறுபடியும் பூஜ்ஜியம்.

"குடிக்காமயே இன்னாத்துக்குயா இப்டி ஆட்டிகினு வந்தே?"

"நேரா வந்தா நிறுத்த மாட்றீங்க சார். ஒரு சீட்டு குடுங்க."

"பூஜ்ஜியத்துக்கு எவன்யா சீட்டு கேப்பான்?"

"பொண்டாட்டி கேக்குறா சார்."

கருணாகரன் அவனையே பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். "இன்னொரு தபா டான்ஸ் ஆடாத. லாரிக்காரன் தூக்கினு பூடுவான்."

வியர்வை பட்டு அழிந்துவிடக் கூடாதே என்று, தேரடி ஜெராக்ஸ் கடையில் சீட்டை லேமினேஷன் போடக் கொடுத்தான். கடைப்பெண் போனில் பேசிக்கொண்டே உள்ளே விட்டாள். சூடு பட்ட சீட்டு கரியாகக் கறுத்து வெளியே வந்தது. ஒரு எழுத்து மிச்சமில்லை.

பைக்கைத் திருப்பி நெடுஞ்சாலைக்கு விரட்டினான். தடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

ராயபுரத்தில் பிலோமிதான் கதவைத் திறந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாயா இது?"

"பூஜ்ஜியம்டி. கடையில சூட்டுல கறுத்துப்பூட்ச்சு."

"நல்லா கதை வுடுற."

படியிறங்கத் திரும்பினான்.

"நில்லு."

வாசலுக்கு வந்து, முன்பெல்லாம் அவன் வேலை முடிந்து வரும்போது செய்வதுபோல், அவன் வாயருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ஊது."

அந்த முகம் இவ்வளவு கிட்டத்தில் வந்து எட்டு மாதம். ஊத வேண்டியவன் இழுத்த மூச்சை விடாமல் நின்றான்.

"ஊதுயா."

ஊதினான். மூச்சு தீர்ந்த பிறகும் அவள் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.