விசிறி அடங்கிய வீடு

வீட்டிலிருந்தே பார்க்கும் கால் சென்டர் வேலையில் அவள்மேல் இரண்டு புகார் ஆகிவிட்டது. மூன்றாவது வந்தால் ஹெட்செட்டைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான், வேலை போச்சு. "பின்னால என்னம்மா, மில்லு ஓடுதா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதுதான் முதல் புகார். இன்று பதினொரு மணிக்குத் தரச் சோதனை மேடம் அழைத்துக் கேட்டுப் பார்ப்பார்.

மில் எதுவுமில்லை, அவளுடைய கம்ப்யூட்டரின் விசிறி. வீட்டில் அதற்கு ஹெலிகாப்டர் என்று பெயர். இரண்டு வருடமாக, பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் அந்த இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே பழகியிருந்தார்கள். தண்ணீர் கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே குரல்தான்.

ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். சிப்பின் மேலிருந்த சின்ன விசிறியைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பசை பழசாகிப் பொருக்குத் தட்டியிருந்ததைத் துடைத்தாள். புதுப் பசை ஒரு பட்டாணி அளவு. அதன்மேல் செங்கல் கனத்தில், பெரிய விசிறியோடு புதுக் கூலர். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "காலேஜ் படிச்சது இதுக்குத்தானா?"

"நீ படிக்காம இருந்தது எதுக்கு?"

"வாயைப் பாரு. வெடிச்சா என்னைக் கூப்பிடாத."

"வந்து என்ன பண்ணுவ, ஊதி அணைப்பியா?"

பெரிய விசிறியும் முதலில் தலைதெறிக்கத்தான் சுற்றியது. செட்டிங்ஸில் போய், சூடு ஏறினால் மட்டும் வேகம் ஏறும்படி மாற்றினாள். அடங்கியது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இரைச்சல் போன அறை, பசி நேரம் தாண்டிய வயிறு மாதிரி வெறுமையாக இருந்தது.

மேடம் அழைத்தார். "ஒரு நிமிஷம் பேசாதீங்க. ரூம் சத்தம் மட்டும் கேக்கணும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா, பழகிய அதே குரலில்: "மாப்பிள்ளை வீட்ல, இவ வேலையை விட்டுருவான்னு சொல்லியாச்சு. கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம்தான்."

"அவகிட்ட?" இது அம்மா.

"கடைசில சொல்லிக்கலாம்மா," என்றான் அண்ணன். "இப்பச் சொன்னா ஆடுவா."

மைக்கை அணைத்தால் சோதனையில் தோல்வி. விரல் பொத்தான்மேல் அப்படியே கிடந்தது.

"விசிறி சுத்தமா கேக்கல," என்றார் மேடம். "வேற ஒண்ணு கேட்டுது. மூணு மாசத்துல நின்னுருவீங்களா? நிக்கப் போறவங்களுக்கு நான் பாஸ் போட முடியாதும்மா."

கோபம் வர வேண்டிய இடம். அது வாசல்வரை வந்து நின்றுகொண்டது.

"அது அவங்க சொன்னது, மேடம். நான் யாருக்கும் சொல்லல. நான் வேலையை விடமாட்டேன்."

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்று தினமும் கேட்கும் குரலில்தான் சொன்னாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. இந்தத் தடுப்பைத் தாண்டி அவள் பேச்சு அவர்களுக்கு முழுசாகக் கேட்டது இன்றுதான்.

"சரி. பின்னால பேச்சுச் சத்தம்னு ஒரு குறிப்பு போடுறேன். பாஸ்தான். லைனுக்குப் போங்க."

கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்து நின்றார். அதற்குள் முதல் அழைப்பு விழுந்துவிட்டது. பேச வேண்டாம் என்று அவருக்கு ஒரு விரலைக் காட்டிவிட்டு, அவள் திரையைப் பார்த்தாள்.

"வணக்கம், சொல்லுங்க சார்."