எட்டாம் வகுப்பில் இந்த வாரம்

பானுப்ரியாவுக்கு மகளின் அம்மையைவிட வகுப்பு வாட்ஸ்அப் குழுதான் அதிக எரிச்சலைக் கொடுத்தது. இலக்கியாவுக்கு அன்றுதான் வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு ஊற்றியிருந்தது. அதற்குள் இந்த வாரப் பாடங்கள் வந்து விழுந்திருந்தன. கணக்கில் நாற்கரம் வரைதல், தமிழில் புதுச் செய்யுள், சமூக அறிவியலில் 1857 புரட்சி, அறிவியலில் நுண்ணுயிரிகள். இத்தனையையும் பிள்ளை எப்போது சேர்த்துப் படிக்கும்?

மகளின் வகுப்புத் தோழிக்கு அம்மாவான சம்ரீனுக்குப் போன் போட்டாள். "பாடமெல்லாம் எவ்வளவு தூரம் போயிருக்குங்க?"

"எங்கேங்க போச்சு? அந்த மெசேஜ் ஸ்கூல் ஆபீஸ்லேருந்து வாராவாரம் தானா வர்றது. கணக்கு டீச்சருக்கும் அம்மை, தமிழ் ஐயாவுக்கும் அம்மை. சமூக அறிவியல் டீச்சர் பயந்துகிட்டு லீவு போட்டுட்டாங்க. சின்ன வயசுலயே அம்மை வந்து போன அறிவியல் டீச்சர் மட்டும்தான் நடத்துறாங்க."

பானுப்ரியாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. போனை வைத்துவிட்டு மகளிடம் வந்தாள். "அறிவியல் மட்டும் படிச்சாப் போதும்டி. கிருமியால வர்ற நோய்ங்களாம்."

இலக்கியா பொருக்கு உதிர்ந்த கையை நீட்டிக் காட்டினாள்.

"அதுல நான் பிராக்டிகலே முடிச்சிட்டேம்மா."